கப்கேக் குறிப்பில் கிராம் கணக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான 'சர்க்கரை இல்லாத சத்தான கப்கேக்' என்ற சமையல் குறிப்பைப் படித்துவிட்டு இக்கடிதத்தை எழுதுகிறேன். வீட்டில் கேக் செய்பவர்களை மைதாவிலிருந்தும் வெள்ளைச் சர்க்கரையிலிருந்தும் விலக்கிக் கொண்டுவர வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடுதான் அது எழுதப்பட்டிருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், பன்னிரண்டு கப்கேக்குகளுக்கு ஒன்றரைக் கப் நாட்டுச் சர்க்கரை சேர்க்கச் சொல்லிவிட்டு அதற்குச் 'சர்க்கரை இல்லாத' என்று தலைப்பிட்டது பெரும் பிழை என்பதை வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். அந்த ஒன்றரைக் கப்பை என் சமையலறைத் தராசில் இருமுறை நிறுத்துப் பார்த்தேன். தளர்வாக அள்ளியபோது 216 கிராமும், அழுத்தி அள்ளியபோது 312 கிராமும் இருந்தது. பன்னிரண்டால் வகுத்தால், ஒரு கேக்குக்கு 18 முதல் 26 கிராம் வரை இனிப்பு வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளின் மொத்த ஆற்றலில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்றும், ஐந்து விழுக்காட்டுக்குள் நின்றால் மேலும் நல்லது என்றும் கூறுகிறது. அந்த ஐந்து விழுக்காடு, ஒரு பெரியவருக்குச் சுமார் 25 கிராம். அதாவது, 'சர்க்கரை இல்லாத' ஒரு கேக்கிலேயே ஒரு நாளின் கணக்கு முடிந்துவிடக்கூடும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் பெங்களூரு அல்சூரில் முப்பது ஆண்டுகளாக வசித்துவரும், பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். என் கணவருக்குப் பதினொரு ஆண்டுகளாக நீரிழிவு நோய் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் பேத்தியின் பிறந்தநாளுக்கு, கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்து நானே கப்கேக் செய்தேன். "வெல்லம்தானே, இதைச் சாப்பிடலாம் அல்லவா?" என்று அவர் கேட்டபோது, சாப்பிடலாம் என்று நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் இரண்டு சாப்பிட்டார். வழக்கமாக உணவுக்குப் பின் 170-ஐ ஒட்டி நிற்கும் அவருடைய இரத்தச் சர்க்கரை அன்று மாலை 274 காட்டியது. அறிவியல் படித்தவளாகிய நானே வெல்லம் என்ற சொல்லை நம்பி அளவைப் பார்க்க மறந்தேன் என்றால், ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளை நம்பி அடுப்பை மூட்டும் ஒரு வாசகியை எப்படிக் குறை சொல்ல முடியும்? அன்றிலிருந்துதான் தராசை வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் எழுதிவைத்து, கப்கேக் செய்து பார்க்கத் தொடங்கினேன்.

கப்கேக்கின் பெயரிலேயே கப் இருக்கிறது. அமெரிக்காவில் 1796-இல் அச்சான ஒரு சமையல் நூலிலேயே சிறு கோப்பைகளில் சுட்டெடுக்கும் கேக் பற்றிய குறிப்பு வந்துவிட்டது. தராசு இல்லாத வீடுகளிலும் எளிதாகச் செய்ய, பொருள்களைக் கோப்பையால் அளக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. வெண்ணெய் ஒரு கப், சர்க்கரை இரண்டு கப், மைதா மூன்று கப், முட்டை நான்கு என்ற பழைய வாய்பாட்டை இன்றும் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். நம் வீடுகளில் உழக்கும் ஆழாக்கும் இருந்தது போலத்தான் அதுவும். ஆனால் உழக்கால் அளந்த நம் பாட்டிமார் தினந்தோறும் அளந்தது அரிசியையும் பருப்பையும். சர்க்கரையை அப்படி அளப்பதில்தான் சிக்கல் வருகிறது. ஒருவர் வீட்டுக் கப் காப்பி டம்ளராக இருக்கிறது, இன்னொருவர் வீட்டில் 240 மில்லி லிட்டர் பிளாஸ்டிக் கோப்பையாக இருக்கிறது, நாட்டுச் சர்க்கரையோ ஈரத்தைப் பொறுத்தும் அழுத்தத்தைப் பொறுத்தும் எடை மாறுகிறது.

அந்தப் பழைய வாய்பாட்டில் இரண்டு கப் சர்க்கரை என்பது 400 கிராம். அதில் 24 கப்கேக் வரும் என்று வைத்துக்கொண்டால், ஒன்றுக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை. இது வெறும் கேக்குக்கு மட்டும்தான். மேலே வைக்கும் வெண்ணெய் ஐசிங்கில் வெண்ணெயைப் போல் இரு மடங்கு பொடித்த சர்க்கரை சேர்வது வழக்கம் என்பதால், 30 கிராம் ஐசிங் வைத்தால் 20 கிராம் சர்க்கரை கூடுகிறது. கேக்கில் இருப்பதைக் காட்டிலும் அதன் தொப்பியில் இருப்பது அதிகம் என்பதை முதன்முதலில் கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. ஆகவே, மாவை மாற்றுவதா, எண்ணெயை மாற்றுவதா என்று யோசிப்பதற்கு முன்பாக ஐசிங்கை நிறுத்திவிடுவதே முதல் வேலை. வேறு எந்த மாற்றமும் செய்யாமலேயே சர்க்கரை பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

ஐசிங்கை விட்ட பிறகு, கேக்கிலுள்ள சர்க்கரையைக் குறைக்க வேண்டும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு குறைத்துவிட முடியாது. சர்க்கரை கேக்கில் இனிப்புக்காக மட்டும் இருப்பதில்லை. வெண்ணெயோடு குழைக்கும்போது அதன் கூரிய மணிகள்தாம் வெண்ணெய்க்குள் காற்றைப் பிடித்து வைக்கின்றன. நீரைத் தன்பால் இழுத்து வைத்துக்கொண்டு, கேக் மறுநாளும் காயாமல் இருக்கச் செய்வதும், மாவிலுள்ள புரதம் இறுகிப் போகாமல் தடுப்பதும், மேற்பரப்பைப் பொன்னிறமாகச் சிவக்க வைப்பதும் அதுவே. எனவே, சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டால், வெளுத்து, இறுகி, விக்கலை வரவழைக்கும் ஒரு உருண்டைதான் கிடைக்கும். என் முதல் மூன்று முயற்சிகளும் அப்படித்தான் முடிந்தன. எந்தக் குறிப்பிலும் கால் பங்குச் சர்க்கரையைத் தயங்காமல் குறைத்துவிடலாம் என்பதும், அதற்கும் கீழே போக வேண்டுமானால் ஈரத்தையும் மென்மையையும் தருவதற்கு வேறொன்றைச் சேர்த்தாக வேண்டும் என்பதும் நான் செய்து கண்டது. எனக்கு அந்த வேறொன்று, கெட்டித் தயிரும் நன்றாகக் கனிந்த ஏலக்கி வாழைப்பழமும் ஆயின. தோலில் கரும்புள்ளி விழுந்து, வீட்டில் யாரும் தொடாமல் கிடக்கும் பழமே இதற்கு மிகவும் ஏற்றது.

வெல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் குழப்பம் இங்கேதான் அதிகம். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் தேனும் மணத்தில், சுவையில், பழக்கத்தில் நமக்கு நெருங்கியவை. அவற்றை நானும் விரும்பிப் பயன்படுத்துகிறேன். வெல்லத்தில் வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத சிறிதளவு தாதுக்கள் இருப்பதும் உண்மைதான். ஆனால் அதன் மிகப்பெரும் பகுதி சர்க்கரையே என்பதால், உடலுக்குள் சென்ற பின் அது ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது. வெல்லத்திலிருந்து கிடைக்கும் இரும்புச்சத்தை நம்பி ஒரு குழந்தைக்கு கேக் கொடுப்பதைவிட, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைத் துவட்டிக் கொடுப்பது எவ்வளவோ மேல். மறுபுறம், செயற்கை இனிப்பூட்டிகளைப் போட்டுச் செய்யலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அஸ்பார்ட்டேம் போன்றவை அடுப்புச் சூட்டில் இனிப்பை இழந்துவிடும். சூடு தாங்கும் வேறு இனிப்பூட்டிகளும், நான் மேலே சொன்ன ஈரத்தையும் மென்மையையும் தருவதில்லை. உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாக இத்தகைய இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023-இல் அறிவுறுத்தியிருக்கிறது. அந்த அறிவுரை நீரிழிவு உள்ளவர்களுக்கானது அன்று. அவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். வளரும் குழந்தைகளுக்கான கேக்கில் அதைப் போட வேண்டிய தேவையே இல்லை என்பது என் கருத்து.

அடுத்து மாவு. மைதாவுக்குப் பதிலாகக் கோதுமை மாவைப் போட்டால் கலோரி குறையும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது குறைவதில்லை. கூடுவது நார்ச்சத்து. கோதுமை மாவில் 100 கிராமுக்குச் சுமார் 11 கிராம் நார்ச்சத்து இருக்கிறது, மைதாவில் அது மூன்று கிராமைக்கூட எட்டுவதில்லை. ஆனால் கோதுமை மாவின் தவிடு அதிக நீரைக் குடிக்கும், அதுவும் மெதுவாகக் குடிக்கும். மைதாவுக்கு எழுதிய குறிப்பில் மாவை மட்டும் மாற்றிவிட்டு, கேக் வறண்டு போகிறது என்று குறைபடுவோர் கவனிக்க வேண்டியது இதைத்தான். மாவைத் தயிரிலும் பாலிலும் கலந்து கால் மணி நேரம் ஊறவிட்டால், தவிடு மென்மையாகி, சொரசொரப்பு நாக்கில் தெரியாது. ஊற வைத்த பிறகு, அடுப்பில் ஏற்றுவதற்குச் சற்று முன்புதான் பேக்கிங் பவுடரையும் சோடாவையும் சேர்க்க வேண்டும். முன்கூட்டியே சேர்த்தால், எழும்ப வேண்டிய வாயு பாத்திரத்திலேயே வீணாகிவிடும்.

பெங்களூருவில் இருந்துகொண்டு ராகியை விட்டுவிட முடியுமா? நாம் கேழ்வரகு என்று சொல்லி வளர்ந்ததை இங்கே வந்து ராகி என்று அழைக்கப் பழகிவிட்டோம். 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, ராகி கேக் எல்லாக் கடைகளிலும் கண்ணில் படுகிறது. ராகியில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பது உண்மை. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம்கூட இல்லை. இருந்தாலும், என் குறிப்பில் ஒரு கப்கேக்குக்குப் போவது ஐந்து கிராம் ராகி மாவுதான். அதில் கிடைக்கும் கால்சியம் இருபது மில்லிகிராமைத் தாண்டாது. ஆகவே, கால்சியத்துக்காக ராகி கேக் சாப்பிடுங்கள் என்று யாரிடமும் நான் சொல்ல மாட்டேன். அதன் மண்வாசனைக்காகவும், கோகோ சேர்க்காமலேயே அது தரும் கரும்பழுப்பு நிறத்துக்காகவும், நார்ச்சத்துக்காகவும் சேர்க்கிறேன். வெறும் வாணலியில் மணம் வரும் வரை மெல்லிய தீயில் வறுத்துக்கொண்டால் பச்சை வாடை போய்விடும். மாவைப் பிணைத்து நிறுத்தும் குளூட்டன் என்ற புரதம் ராகியில் இல்லை என்பதால், மொத்த மாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்த்தால் கேக் கையில் எடுக்கும்போதே உதிர்கிறது.

கொழுப்பைப் பொறுத்தவரை நீளச் சொல்ல வேண்டியதில்லை. வெண்ணெயில் பாதியளவு நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்குக்குள். கடலை எண்ணெயின் மணம் பிடிக்காதவர்கள் சூரியகாந்தி எண்ணெயைப் பயன்படுத்தலாம். எண்ணெயாக இருந்தாலும் கலோரி குறைவில்லை என்பதால் அதையும் நிறுத்தே ஊற்ற வேண்டும். இதயத்துக்குக் கேடு செய்யும் டிரான்ஸ் கொழுப்பு சேர்ந்திருக்கக்கூடிய வனஸ்பதியை வீட்டில் வாங்கவே வேண்டாம். எண்ணெயிலும் கொழுப்பிலும் டிரான்ஸ் கொழுப்பு இரண்டு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் நடைமுறையில் இருப்பது பெரிய ஆறுதல்தான் என்றாலும், வீட்டுச் சமையலில் அதற்கு இடமே தேவையில்லை.

இன்னொன்று, பெங்களூரு வாசகர்களுக்காகவே சொல்ல வேண்டியது. சென்னையில் என் தங்கை வீட்டில் அழகாக எழும்பி நிற்கும் அதே கேக், இங்கே என் வீட்டில் எழும்பி, பின் நடுவில் குழிந்துவிடும். பல ஆண்டுகள் என் அடுப்பைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 97 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். கேக்குக்குள் பிறக்கும் வாயு, கடற்கரை ஊரைக் காட்டிலும் வேகமாக விரிவதால், மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே மேலே எழும்பித் தாங்க முடியாமல் சரிகிறது. பேக்கிங் பவுடரைச் சிறிது குறைத்து, பாலை ஒரு மேசைக்கரண்டி கூட்டினால் இது சரியாகிவிடும். பெங்களூருப் பதிப்பில் வரும் குறிப்பில் இந்த ஒரு வரி இருந்தால், எத்தனையோ வீடுகளில் மாவு வீணாகாது.

பதினான்காவது முறைக்குப் பிறகு நான் நிலைநிறுத்திக்கொண்ட குறிப்பு இது. கோதுமை மாவு 120 கிராம், வறுத்த ராகி மாவு 60 கிராம் ஆகியவற்றை 100 கிராம் கெட்டித் தயிரிலும் மூன்று மேசைக்கரண்டி பாலிலும் கலந்து ஊறவிட வேண்டும். பால் மேலும் ஒரு கரண்டி தேவைப்படலாம். மாவு இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக, கரண்டியிலிருந்து மெதுவாக விழும் பதத்தில் இருக்க வேண்டும். ஒரு முட்டையையும் 80 கிராம் நாட்டுச் சர்க்கரையையும் வெளுத்து நுரைக்கும் வரை மூன்று நிமிடம் அடித்து, 60 கிராம் எண்ணெயைச் சேர்த்து, பிசைந்த வாழைப்பழம் 100 கிராம், ஏலக்காய்ப் பொடி, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைக் கலந்து ஊறிய மாவில் ஊற்ற வேண்டும். கடைசியாக ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடரையும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவையும் தூவி, மாவு ஒன்றுசேரும் வரை மட்டும் கலக்கினால் போதும். நிறையக் கலக்கினால் கோதுமைப் புரதம் இழுபட்டு, கேக் ரப்பர் போலாகிவிடும். முட்டை சேர்க்காதவர்கள் தயிரை 50 கிராம் கூட்டி, சோடாவைக் கால் தேக்கரண்டியாக்கிக் கொள்ளலாம். அது அவ்வளவு உயரமாக எழும்பாது என்றாலும் சுவையில் குறையில்லை. காகிதக் கிண்ணங்களில் முக்கால் பங்கு நிரப்பி, முன்கூட்டியே சூடாக்கிய அடுப்பில் 180 டிகிரியில் 20 முதல் 22 நிமிடம் வைக்க வேண்டும். முதல் கால் மணி நேரம் கதவைத் திறக்கக் கூடாது. மின் அடுப்பு இல்லாதவர்கள், அகலமான குக்கரில் காஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பைப் பரப்பி, தாங்கியின்மேல் கிண்ணங்களை வைத்து மிதமான தீயில் செய்யலாம். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

இதில் பன்னிரண்டு கேக் வரும். ஒன்று ஏறக்குறைய 50 கிராம். சேர்த்த சர்க்கரை ஒன்றுக்கு ஏழு கிராமுக்கும் குறைவு. வாழைப்பழத்தின் இயல்பான இனிப்பு அதற்கு மேல் ஒன்றிரண்டு கிராம். ஐசிங்குக்குப் பதிலாக, சுடுவதற்கு முன் மேலே பொடித்த வேர்க்கடலையோ தேங்காய்த் துருவலோ தூவுகிறேன். பிறந்தநாள் என்றால், துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த தயிரை ஒரு கரண்டி வைத்து, அதன்மேல் இரண்டு மாதுளை முத்துகள். இது நீரிழிவுக்காரர்கள் விரும்பியபடி உண்ணத்தக்க உணவு என்று நான் சொல்ல வரவில்லை. மாவும் சேர்ந்துதானே சர்க்கரையாகிறது! என் கணவர் ஒன்றை எடுத்துக்கொண்டால், அன்று மாலைச் சிற்றுண்டியில் வேறெதுவும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் எவ்வளவு உண்கிறோம் என்பது அவருக்கும் எனக்கும் தெரியும்.

சுவை எப்படி என்று கேட்பீர்கள். ஐயங்கார் பேக்கரியில் தேன் சொட்டச் சொட்ட ஹனி கேக் வாங்கித் தின்று வளர்ந்த என் பிள்ளைகளுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. அந்த ஹனி கேக் இந்த ஊரின் பெருமைகளுள் ஒன்று. அதை எப்போதாவது போய் ஒரு துண்டு வாங்கி, மகிழ்ச்சியோடு சாப்பிட வேண்டும், அதற்கு மாற்றாக எதையும் நான் முன்வைக்கவில்லை. நான் பேசுவது, வாரந்தோறும் பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் சிற்றுண்டியைப் பற்றி. பேத்திக்காக நாட்டுச் சர்க்கரையை 120 கிராமில் தொடங்கி, மாதம் பத்துப் பத்துக் கிராமாகக் குறைத்து 80-க்குக் கொண்டுவந்தேன். அவள் எந்த மாதத்திலும் வித்தியாசத்தைச் சொல்லவில்லை. இப்போது கடைக் கப்கேக்கின் ஐசிங்கை அவளே கரண்டியால் ஒதுக்கி வைக்கிறாள்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025-இல் தன் பள்ளிகளில் சர்க்கரை விழிப்புணர்வுப் பலகைகளை வைக்கச் சொல்லியிருக்கிறது. ஒரு பானத்தில், ஒரு தின்பண்டத்தில் எத்தனை சர்க்கரை என்று குழந்தைகள் பள்ளியில் படித்துவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள். "பாட்டி, இதில் எத்தனை கிராம்?" என்று அவர்கள் கேட்கும்போது பதில் சொல்ல, நம் சமையல் குறிப்புகளில் அந்த எண் இருக்க வேண்டாமா? கடையில் வாங்கும் பொட்டலத்தின் பின்புறம் கண்ணாடி போட்டாவது படித்துவிடலாம். வீட்டில் செய்வதற்கு நீங்கள் அச்சிடுவதே ஆவணம்.

ஆகவே தங்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான். இனிப்புப் பண்டம் எதுவாயினும், கேக் ஆகட்டும், பாயசம் ஆகட்டும், அதிரசம் ஆகட்டும், சர்க்கரை, வெல்லம், தேன், எண்ணெய், நெய் ஆகியவற்றின் அளவைக் கப்போடு கிராமிலும் கொடுங்கள். எத்தனை பேருக்கு அல்லது எத்தனை துண்டுகளுக்கு என்பதையும், ஒரு துண்டில் சேர்த்த இனிப்பு எவ்வளவு என்பதையும் கடைசியில் ஒரு வரியில் அச்சிடுங்கள். வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ சேரும் பண்டத்துக்குச் 'சர்க்கரை இல்லாத' என்ற தலைப்பைத் தவிருங்கள். அண்மையில் வந்த அந்தக் கப்கேக் குறிப்புக்கும் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர் அதைக் கத்தரித்துச் சமையல் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களில் இருவர் வீட்டில் நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். நான் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். மற்ற ஊர்களில் ஒட்டி வைத்திருப்பவர்களுக்குத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
அல்சூர், பெங்களூரு